செலரான் 300ஏ-வை 450-இல் ஓட்டும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது

1998 ஆகஸ்டில் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ பிராசசரை இன்றும் தேடிப் பிடித்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். முதலில் வந்த செலரானில் எல்2 கேஷே (அடிக்கடி தேவைப்படும் தரவை வைக்கும் வேகமான சிறு நினைவகம்) கிடையாது. 300ஏ-வில் 128 கேபி கேஷை சில்லுக்குள்ளேயே வைத்து, பிராசசரின் முழு வேகத்தில் ஓடவிட்டார்கள். அதே காலத்துப் பென்டியம் 2-இல் கேஷ் 512 கேபி இருந்தது, ஆனால் சில்லுக்கு வெளியே, பாதி வேகத்தில். 300ஏ-வின் மல்டிபிளையரை (பஸ் வேகத்தை எத்தனை மடங்காக்கி ஓடுவது என்ற எண்) 4.5 என்று பூட்டியவர்கள், பஸ் (பிராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும் தடம்) வேகத்தைப் பூட்டவில்லை. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் 300 ஓடும் பிராசசர், 100 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் 450 ஓடும். அன்று இன்டெல் விற்ற மிக வேகமான பென்டியம் 2-உம் 450தான். 440பிஎக்ஸ் சிப்செட் (பிராசசரை மற்ற பாகங்களோடு இணைத்து இயக்கும் சில்லுகள்) உள்ள மதர்போர்டு 100 மெகாஹெர்ட்ஸை முறைப்படியே தாங்கும் என்பதால், இது போர்டை வதைக்கிற வேலையும் இல்லை.

சரி, பிறகு ஏன் கோளாறு வருகிறது? பஸ்ஸை ஏற்றும்போது பிராசசர் மட்டும் வேகமாவதில்லை. பிஎக்ஸ் போர்டில் ராம் அதே பஸ் வேகத்தில் ஓடுகிறது. பிசிஐ (ஹார்டு டிஸ்க்கின் தரவும் பல கார்டுகளும் போகும் வழி), ஏஜிபி (கிராஃபிக்ஸ் கார்டின் வழி), ஐஎஸ்ஏ (பழைய கார்டுகளின் வழி) எல்லாம் அதே கடிகாரத்தை வகுத்துத்தான் தங்கள் வேகத்தை எடுத்துக்கொள்கின்றன. பிசிஐ-க்கு விதிப்படி 33, ஏஜிபி-க்கு 66. இந்த இரண்டு எண்ணும் எங்கே போய் நிற்கின்றன என்று கணக்குப் போட்டுப் பார்க்காமல் பிராசசரைக் குறை சொல்லக் கூடாது. என் அனுபவத்தில் பிராசசர் பெரும்பாலும் கடைசிக் குற்றவாளிதான்.

இந்தக் கணக்கைத் தாளில் எழுதி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்:

பஸ் 66: பிராசசர் 300, பிசிஐ 33, ஏஜிபி 66
பஸ் 75: பிராசசர் 337, பிசிஐ 37.5, ஏஜிபி 75
பஸ் 83: பிராசசர் 374, பிசிஐ 41.5, ஏஜிபி 83
பஸ் 100: பிராசசர் 450, பிசிஐ 33, ஏஜிபி 66
பஸ் 112: பிராசசர் 504, பிசிஐ 37, ஏஜிபி 75

83-ஐயும் 100-ஐயும் ஒப்பிட்டுப் பாருங்கள். 83 வரை பிசிஐ பஸ்ஸில் பாதி. 100-இல் மூன்றில் ஒரு பங்கு. ஏஜிபி 83 வரை பஸ்ஸுக்குச் சமம், 100-இல் மூன்றில் இரண்டு பங்கு. அதனால் பிராசசரையும் ராமையும் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் 83-ஐவிட 100தான் பாதுகாப்பு. ‘முதலில் 75, பிறகு 83, பிறகு 100 என்று படிப்படியாக ஏறலாம்’ என்று தோன்றுவது இயல்பு. இந்தப் போர்டில் அது தவறான வழி. 66-லிருந்து நேராக 100-க்குப் போங்கள்.

தொடங்கும் முன் இரண்டு வேலை. ஹார்டு டிஸ்க்கில் உள்ள கோப்புகளை வேறு கம்ப்யூட்டருக்கு நகலெடுத்துவிடுங்கள். முடிந்தால் சோதனைக்கென்று ஒரு பழைய டிஸ்க்கை மாட்டுங்கள். பயாஸ் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது முதலில் ஓடும், போர்டின் அமைப்புகளை மாற்ற உதவும் நிரல்) திரைகளை ஒவ்வொன்றாக மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

திரை கறுப்பு, பீப் ஒலியும் இல்லை

பஸ்ஸை மாற்றிச் சேமித்து மறுதொடக்கம் செய்ததும் ஃபேன் மட்டும் சுற்றுகிறது, வேறு அசைவே இல்லை என்றால், பிராசசர் முதல் கட்டளையைக்கூட ஓட்டவில்லை என்று பொருள். பதற வேண்டாம். ஆஃப் செய்து, இன்ஸர்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ஆன் செய்து பாருங்கள். அந்தக் காலத்து அவார்டு பயாஸ் பலவற்றில் இது பழைய வேகத்துக்குத் திரும்பும் வழி. பலிக்கவில்லையா, சிமாஸை (பயாஸ் அமைப்புகளைச் சேமிக்கும் நினைவகம்) போர்டில் உள்ள ஜம்பரால் (பின்களை இணைக்கும் சிறு மூடி) அழிக்க வேண்டும். அதற்கு முன் பவர் கேபிளைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி), கம்ப்யூட்டர் ஆஃபில் இருக்கும்போதும் போர்டுக்கு 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

பஸ்ஸை ஜம்பரால் மாற்றும் போர்டாக இருந்தால் ஜம்பரைப் பழைய இடத்தில் வைத்தாலே போதும். அப்படி வைத்தும் உயிர் வரவில்லை என்றால் வேகத்தை விட்டுவிட்டு, பிராசசர் ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கனமான ஹீட் சிங்க் மாட்டிய ஸ்லாட் 1 அட்டை (பிராசசர் பொருத்திய அட்டை), கேபினெட்டை நகர்த்தும்போது ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். வெளியே எடுத்து, தங்க முலாம் பூசிய பற்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, இரண்டு முனையிலும் சமமாக அழுத்திச் செருகுங்கள். ஸ்லாட்கெட் அட்டையில் (சாக்கெட் பிராசசரை ஸ்லாட்டில் செருக உதவுவது) மாட்டிய சாக்கெட் வகை 300ஏ என்றால், அந்த அட்டையில் உள்ள ஜம்பர்களையும் பார்க்க வேண்டும். பலர் மறந்துவிடும் இடம் அது.

நீண்ட பீப் ஒலி, திரும்பத் திரும்ப

அவார்டு பயாஸில் இது ராம். பிசி66 (66 மெகாஹெர்ட்ஸுக்கான) ராமை 100-இல் ஓட்டச் சொல்கிறீர்கள், அது முடியாது என்கிறது. ராம் சில்லுகளின் மேல் அச்சிட்ட எண்ணின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். 10 என்று முடிந்தால் அது 10 நானோ நொடிச் சில்லு. கணக்குப்படி 100 மெகாஹெர்ட்ஸ் வரும் என்று தோன்றும். ஆனால் பிசி100 தரத்துக்குக் கொஞ்சம் இடைவெளி மிச்சம் வேண்டும், அதற்கு 8 அல்லது அதற்குக் கீழே உள்ள எண்தான் சரி. பிசி133 ராம் கிடைத்தால் இன்னும் நல்லது. அதை 100-இல் ஓட்டினால் மூச்சு வாங்காது.

ஆனால் வாங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். 440பிஎக்ஸ், 128 மெகாபிட் வரையிலான சில்லுகளைத்தான் ஒழுங்காகப் படிக்கும். 256 எம்பி ராம் அட்டையில் எட்டு சில்லு மட்டும் இருந்தால் அது 256 மெகாபிட் சில்லு. பிஎக்ஸ் அதைப் பாதியாகக் காட்டும், அல்லது தொடங்கவே மறுக்கும். இரண்டு பக்கமும் சேர்த்து பதினாறு சில்லு உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

ராம் சரியானதுதான் என்றால், ஒரே ஒரு அட்டையை மட்டும் வைத்து, பயாஸில் காஸ் மதிப்பை (ராம் தரவு கொடுக்கும் முன் காத்திருக்கும் சுற்றுகள்) 2-லிருந்து 3-க்கு மாற்றிப் பாருங்கள். அப்புறம் மெம்டெஸ்ட்86 என்ற ராம் சோதனை நிரலை ஃபிளாப்பியிலிருந்து ஓட்டி, முழுதாக இரண்டு சுற்று முடியட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த அமைப்பு தோல்விதான்.

100 வைத்தேன், திரையில் இன்னும் 300 என்றே வருகிறது

ஆயத்தப் பொருளாக வந்த கம்பெனி கம்ப்யூட்டர்களின் போர்டில் பெரும்பாலும் பஸ்ஸை மாற்ற பயாஸிலும் இடம் இருக்காது, ஜம்பரும் இருக்காது. பிராசசர் எந்தப் பஸ்ஸைக் கேட்கிறது என்று போர்டு தானே பார்த்துக்கொள்கிறது. பார்க்கும் இடம், ஸ்லாட் 1 அட்டையின் விளிம்பில் உள்ள பி21 என்ற ஒரே ஒரு பல். செலரானில் அந்தப் பல் கிரவுண்டோடு இணைந்திருக்கும். போர்டு அதை 66 என்று புரிந்துகொள்ளும். அந்தப் பல்லைத் தொடர்பில்லாமல் செய்துவிட்டால் 100 என்று எடுத்துக்கொள்ளும்.

செய்வது இப்படி. ஹீட் சிங்க்கோடு பிராசசரை வெளியே எடுத்து, விளிம்பு மேலே பார்க்கும்படி துணிமேல் படுக்கவையுங்கள். விளிம்பின் நடுவே ஒரு வெட்டு இருக்கும். அது இரண்டு பகுதியாகப் பிரிக்கும், ஒன்று நீளம், ஒன்று குட்டை. பி21 நீளமான பகுதியில் வரும். எந்த முகம் பி, எந்த முனையிலிருந்து எண்ண வேண்டும் என்பதை இன்டெல்லின் தரவுத்தாள் படத்தை வைத்தே முடிவு செய்யுங்கள். குத்துமதிப்பாக எண்ணாதீர்கள். மெல்லிய செல்லோ டேப்பைக் கண்ணாடித் துண்டின்மேல் ஒட்டி, புது பிளேடால் பல்லின் அகலத்துக்கு ஒரு நூல் போலச் சீவுங்கள். அதை இடுக்கியால் எடுத்து, பல்லின் நுனிக்குக் கீழே கொஞ்சம் மடங்கும்படி ஒட்டுங்கள். மடக்காவிட்டால் ஸ்லாட்டில் செருகும்போது உள்ளே இருக்கும் பித்தளை நாக்கு டேப்பைச் சுருட்டி மேலே தள்ளிவிடும். செருகி, உடனே ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள். டேப் நகராமல் இருந்தால் மறுபடி செருகி ஆன் செய்யலாம். நகப்பூச்சு தடவுகிறவர்களும் உண்டு. டேப்பைப் பிரித்தால் பழைய நிலை திரும்பிவிடும் என்பதால் எனக்கு டேப்தான் பிடிக்கும்.

போர்டில் இருப்பது 440எல்எக்ஸ் என்றால் இதெல்லாம் வேண்டாம். அதற்கு 66தான் விதி, 100 வராது.

ஹார்டு டிஸ்க் தெரியவில்லை, அல்லது கோப்புகள் கெட்டுப்போகின்றன

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். மற்ற கோளாறுகளில் கம்ப்யூட்டர் நின்றுபோகும், அவ்வளவுதான். இதில் அது நிற்காமல் ஓடிக்கொண்டே உங்கள் கோப்புகளைத் தின்னும்.

முதல் கம்ப்யூட்டரில் நானும் 83-இல் நிறுத்திவைத்திருந்தேன். 100 அதிகம், 83 மிதமானது என்ற நினைப்பு. இரண்டு வாரம் எந்தக் குறையும் இல்லை. வீட்டில் இருந்த ஒலிநாடாக்களை, பாட்டி பாடிய தாலாட்டுகள் உட்பட, வேவ் கோப்புகளாக மாற்றிச் சேர்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவற்றைச் சுருக்கி வைத்த ஜிப்பைத் திறந்தபோது சிஆர்சி (தரவு மாறியிருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) பிழை. இன்னொன்று, அதுவும் பிழை. சுருக்காத கோப்பைக் கேட்டால் பாட்டியின் குரலுக்கு நடுவே ‘டிக்’ என்று ஓர் ஒலி, கொஞ்ச தூரம் போனால் மறுபடி ‘டிக்’. நாடாவில் அந்த ஒலி இல்லை. பிசிஐ 41.5-இல் ஓடியதில், டிஸ்க்குக்குப் போன வழியில் சில பிட்டுகள் மாறிப்போயிருந்தன. நாடாக்களை நான் தூக்கிப் போடாமல் இருந்ததால் மறுபடி பதிவு செய்ய முடிந்தது.

அதனால் இப்படிப்பட்ட அறிகுறி எது தெரிந்தாலும், டிஸ்க்கின் பெயர் தொடக்கத் திரையில் வினோத எழுத்துகளோடு வந்தால்கூட, முதல் வேலை பஸ்ஸை 66-க்கு இறக்குவது. வேகத்தை இறக்காமல் ஸ்கேன்டிஸ்க்கை (விண்டோஸின் டிஸ்க் சரிபார்க்கும் நிரல்) மட்டும் ஓட்டவே ஓட்டாதீர்கள். அது திருத்துகிறேன் என்று கோப்பு அட்டவணையில் எழுதும். எழுதுவதும் அதே கெட்டுப்போன வழியாகத்தான் போகும். 66-இல் திரும்பித் தொடங்கியபின் ஓட்டுங்கள்.

அப்புறம் கணக்கைப் பாருங்கள். 75, 83, 112 போன்ற எண்ணில் இருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. 100-இல் இருந்தும் இப்படி வந்தால், பிசிஐ வகுப்பு (பஸ் வேகத்தில் பிசிஐ எடுத்துக்கொள்ளும் பங்கு) மூன்றில் ஒன்றாக இருக்கிறதா என்று பயாஸிலோ ஜம்பர் அட்டவணையிலோ சரிபாருங்கள். சில போர்டுகளில் அதைத் தனியாக வைக்க வேண்டும். பாதியிலேயே விட்டிருந்தால் பிசிஐ 50-இல் ஓடும்.

டிஸ்க் தரவை மாற்றும் டிஎம்ஏ முறையை நிறுத்தி, பழைய, மெதுவான பிஐஓ முறைக்கு இறக்கினால் சரியாகும் என்று ஓர் ஆலோசனை உலவுகிறது. விண்டோஸ் தொடங்கிவிடும், உண்மைதான். ஆனால் கேபிளில் போகும் தரவைச் சிஆர்சி வைத்துச் சரிபார்க்கும் வசதி அல்ட்ரா டிஎம்ஏ-வில்தான் உண்டு, பிஐஓ-வில் கிடையாது. பிழையைப் பிடிக்கிற காவலாளியை அனுப்பிவிட்டு, பிழை இல்லை என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள்.

சோதிக்க ஒரு நல்ல வழி: உங்கள் ராமைவிடப் பெரிய கோப்பு ஒன்றை எடுங்கள். ராம் 128 எம்பி என்றால் கோப்பு 300 எம்பியாவது இருக்கட்டும். சின்னக் கோப்பாக இருந்தால் ராமிலிருந்தே படித்து ஏமாற்றிவிடும். அதை அதே டிஸ்க்கில் பத்து முறை, ஒவ்வொரு நகலிலிருந்தும் அடுத்த நகல் என்று சங்கிலியாக எடுங்கள். பிறகு டாஸ் சாளரத்தில் எஃப்சி கட்டளையை /பி தேர்வோடு கொடுத்து முதல் கோப்பையும் கடைசிக் கோப்பையும் ஒப்பிடுங்கள். வித்தியாசமே இல்லை என்று வந்தால் மட்டும் அந்த வேகத்தை நம்புங்கள்.

விண்டோஸ் நன்றாக ஓடுகிறது, 3டி விளையாட்டு மட்டும் உறைகிறது

ஏஜிபி. பஸ் 100-க்குப் போனபோது ஏஜிபி வகுப்பு மூன்றில் இரண்டுக்கு மாறாமல் 1-இலேயே நின்றிருந்தால் கார்டு 100 மெகாஹெர்ட்ஸில் தவிக்கிறது. மாற்றுங்கள். வகுப்பு சரியாக இருந்தும் உறைந்தால், பயாஸில் ஏஜிபி 2எக்ஸை 1எக்ஸாக இறக்கிப் பாருங்கள். அந்தக் காலத்து விளையாட்டுகளில் வித்தியாசம் தெரியாது. கார்டின் சொந்தச் சில்லையும் விரலால் தொட்டுப் பாருங்கள். இருபது ஆண்டுக்கு மேல் ஆன சின்ன ஃபேன்கள் பாதிக்கு மேல் சுற்றுவதில்லை.

133 மெகாஹெர்ட்ஸ் ஆசை இருப்பவர்களுக்கு: பிஎக்ஸில் ஏஜிபி-க்குப் பாதி என்ற வகுப்பே கிடையாது. 133-இல் ஏஜிபி 89-க்குப் போகும். தாங்கும் கார்டுகள் உண்டு. 300ஏ-வுக்கு அது 600 என்பதால் நம் பேச்சுக்கு அது வெளியே.

ஆன் செய்ததும் நன்றாக ஓடி, கால் மணி நேரத்தில் நிற்கிறது

சூடு. வேகம் 1.5 மடங்கானால் பிராசசர் வெளியிடும் சூடும் கிட்டத்தட்ட 1.5 மடங்கு. வோல்டேஜையும் ஏற்றினால் அது வர்க்கமாகக் கூடும்: 2.0-லிருந்து 2.2-க்குப் போனால் இன்னொரு 1.21 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் மூலத்தைப்போல 1.8 மடங்கு வருகிறது. பழைய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒரு பயறு அளவு வையுங்கள். ஃபேனை மாற்றுங்கள்.

நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. மார்கழியில் சோதித்து ‘நிலையாக ஓடுகிறது’ என்று முடிவு செய்த கம்ப்யூட்டர் சித்திரையில் நிற்கும். அறை 26 டிகிரியிலிருந்து 37-க்குப் போனால் பிராசசரும் ஏறக்குறைய அதே பதினோரு டிகிரி ஏறும். கோடை மதியத்தில் கேபினெட்டை மூடி வைத்துச் சோதிக்காத வரை சோதனை முடியவில்லை.

சூடான பிறகு நன்றாக இருக்கிறது, காலையில் முதல்முறை மட்டும் தொடங்க மறுக்கிறது

மேலே சொன்னதற்கு நேர்மாறு, பலரைக் குழப்புவது. பெரும்பாலும் மின்சாரப் பக்கத்துக் குறை. பிராசசரைச் சுற்றியுள்ள கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கிறதா, உப்பியிருக்கிறதா, அடியில் பழுப்புக் கறை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். உப்பியிருந்தால் மாற்றும்வரை வேகம் கூட்டும் பேச்சே வேண்டாம்.

புது எஸ்எம்பிஎஸ் மாட்டிய பிறகு இது தொடங்கியதா? அதற்கும் காரணம் உண்டு. அந்தக் காலத்துப் போர்டுகள் பிராசசருக்கான மின்சாரத்தைப் பெரும்பாலும் 5 வோல்ட் கம்பியிலிருந்து எடுக்கும். இன்றைய எஸ்எம்பிஎஸ்-இல் வலு எல்லாம் 12 வோல்ட்டில் இருக்கிறது. ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் பிளக்கில் சிவப்பு, கறுப்புக் கம்பிகளுக்கு இடையே மல்டிமீட்டரை வைத்து, விளையாட்டு ஓடும்போது அளந்து பாருங்கள். 4.75-க்குக் கீழே போனால் எஸ்எம்பிஎஸ்தான். ஸ்டிக்கரில் மொத்த வாட்டைப் பார்க்காமல் 5 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பார்த்து வாங்குங்கள்.

எல்லாம் சரி, பிரைம்95 மட்டும் பிழை காட்டுகிறது

பிரைம்95 பிராசசரைக் கடும் கணக்குகளால் சோதிக்கும் நிரல். ராம், பிசிஐ, சூடு, மின்சாரம் எல்லாம் தேறிய பிறகும் இது வந்தால், இப்போதுதான் பிராசசரின் முறை. பயாஸில் எல்2 கேஷை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். மிக மெதுவாக இருக்கும், பரவாயில்லை. பிழை மறைந்தால் கேஷ்தான் 450-ஐத் தாங்கவில்லை. மறையாவிட்டால் பிராசசரின் மையப் பகுதி. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: வோல்டேஜை 2.0-லிருந்து 2.05, 2.1 என்று சிறு படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் ஓர் இரவு முழுக்க ஓட்டுவது. நான் 2.2-ஐத் தாண்ட மாட்டேன். ஒரே பெயரில் வந்த சில்லுகளில் சில 450-க்கு வரவே வராது. உங்களுக்குக் கிடைத்தது அப்படிப்பட்டதாக இருந்தால் அதில் உங்கள் தவறு ஏதும் இல்லை.

சின்னச் சின்னவை

ஆஃப் செய்து மறுநாள் போட்டால் வேகம் பழையபடி 300, கூடவே சிமாஸ் செக்சம் பிழை: சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது, மாற்றுங்கள். கம்ப்யூட்டரின் மணி தப்பாக ஓடினாலும் முதலில் அதே பேட்டரியைத்தான் பார்க்க வேண்டும். ஆஃபில் இருக்கும்போது மணி பார்ப்பது 32,768 ஹெர்ட்ஸ் தனிப் படிகம், பஸ் வேகம் அதைத் தொடாது. பழைய ஐஎஸ்ஏ சவுண்ட் கார்டு கரகரத்தால் பிசிஐ எண்ணைப் பாருங்கள். ஐஎஸ்ஏ அதில் நான்கில் ஒரு பங்கு, 8.3 இருக்க வேண்டியது 83-இல் 10.4 ஆகிவிடும்.

ஏஎம்டி கே6-2 பிராசசர் வைத்திருப்பவர்கள் 350 அல்லது அதற்கு மேல் ஏற்றி, விண்டோஸ் 95 தொடங்கும்போது பாதுகாப்புப் பிழை என்று நின்றால், வன்பொருளைக் குடைய வேண்டாம். வேகமான பிராசசரில் விண்டோஸ் 95-இன் ஒரு காத்திருப்புச் சுழல் மிகச் சீக்கிரம் முடிந்து பூஜ்ஜியத்தால் வகுக்கப் போய்விடுகிறது. அதற்கென்றே ஒரு திருத்தம் வெளியிட்டார்கள். விண்டோஸ் 98 போட்டாலும் போய்விடும்.

எல்லாம் செய்தும் 100 நிற்கவில்லை என்றால் 66-க்கே திரும்பிவிடுங்கள். 83-இல் வந்து நிற்காதீர்கள். 300-இல் ஓடும் 300ஏ-வும் நல்ல கம்ப்யூட்டர்தான்.